டெலீட்டா, ட்ரன்கேட்டா? வேகம் கடைசிக் கேள்வி



இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளின் கையில் சுற்றிவரும் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "ட்ரன்கேட் வேகமானது. டெலீட் மெதுவானது. ட்ரன்கேட் செய்தால் ரோல்பேக் கிடையாது." இந்த மனப்பாட வரியோடு எனக்குச் சண்டை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

கம்ப்யூட்டர் படிக்காத உறவுகள் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயராக அடித்து, எதை அடித்தோம் என்று இன்னொரு நோட்டில் குறிப்பது டெலீட். அட்டையை வைத்துக்கொண்டு எழுதிய தாள்களை மொத்தமாக உருவிவிட்டு வெற்றுத்தாள் வைப்பது ட்ரன்கேட். நோட்டையே தூக்கிப் போடுவது டிராப். எது வேகம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதில் எனக்கும் தகராறு இல்லை.

ரோல்பேக் விஷயத்துக்கு வருவோம். ஆரக்கிளிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் ட்ரன்கேட் கொடுத்தவுடன் தானாகவே கமிட் ஆகிவிடும், திரும்ப வராது. போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் டிரான்சாக்ஷனுக்குள் கொடுத்திருந்தால் ரோல்பேக் செய்யலாம். போஸ்ட்கிரெஸில் பழகியவர் மைஎஸ்க்யூஎல் உள்ள கம்பெனிக்கு மாறி, அதே தைரியத்தில் கை வைத்தால் என்ன ஆகும்? குறிப்பு எழுதியவரா வந்து காப்பாற்றுவார்?

அடுத்தது ட்ரிக்கர். ட்ரன்கேட் வரிவரியாகப் போவதில்லை என்பதால், ஒரு வரி அழியும்போது ஓட வேண்டிய டெலீட் ட்ரிக்கர் ஓடாது. யார் எதை அழித்தார் என்று ஆடிட்டுக்காக அதை எழுதி வைத்திருந்தால், அந்தக் கணக்கில் ஒன்றுமே இருக்காது. வேறு டேபிள் ஃபாரின் கீ வழியாக இதை நம்பியிருந்தால் சிஸ்டம் மறுக்கும். உடனே சிலர் போஸ்ட்கிரெஸில் 'கேஸ்கேட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். நம்பியிருந்த டேபிள்களும் சேர்ந்து காலி!

அப்படியானால் டெலீட்தான் உத்தமமா? அதுவும் இல்லை. பத்துக் கோடி வரிகளில் பழையதை மட்டும் நீக்க ஒரே டெலீட் போட்டால் லாக் ஃபைல் ஊதிப்போகும், மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரே கட்டளை சுமார் 5,000 பூட்டுகளைத் தாண்டினால் டேபிளையே பூட்டப் பார்க்கும். சில ஆயிரம் வரிகளாகப் பிரித்து நீக்கி, அவ்வப்போது கமிட் செய்யுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு போக வேண்டுமென்றால், மிச்சப் பத்தைப் புது டேபிளில் எடுத்து வைத்துப் பெயரை மாற்றுவது பல நேரம் எளிது. இண்டெக்ஸ்களையும் அனுமதிகளையும் மறக்காதீர்கள். மாதாமாதம் பழையதைக் கழிப்பவர்கள் டேபிள் கட்டும் நாளிலேயே மாதவாரியாகப் பார்ட்டிஷன் போடட்டும். பழைய மாதத்தை ஒரே கட்டளையில் கழற்றிவிடலாம்.

டெலீட் செய்தால் இடம் தானாகத் திரும்பிவிடும் என்றும் நம்பாதீர்கள். ஆரக்கிளில் ஹை வாட்டர் மார்க் இறங்காது. காலியான டேபிளை முழுதாகப் படிக்கவும் பழைய நேரமே ஆகும். போஸ்ட்கிரெஸில் செத்த வரிகளை வேக்யூம்தான் கூட்டிப் பெருக்க வேண்டும்.

"அந்த ஒரு வரிக்குத்தான் மார்க் சார்" என்பீர்கள். மார்க் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையில் உட்கார்ந்த பிறகு கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள். எல்லாம் போகவேண்டுமா, சிலவா? இதை நம்பியிருப்பது எது? பேக்கப் இருக்கிறதா, அதை ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தாயிற்றா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் அழிக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய பென்ஷனாக, ரத்தப் பரிசோதனை முடிவாக, பிள்ளையின் மதிப்பெண்ணாக இருக்கலாம். அவருக்கு உங்கள் ட்ரன்கேட் எத்தனை விநாடியில் முடிந்தது என்பது முக்கியமே இல்லை.

மறுப்பவர்கள் கமெண்டில் வாருங்கள். எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன் என்று சொல்லிவிட்டு வாதாடுங்கள். காத்திருக்கிறேன்.