ஐந்து ஜோடிப் பாதரட்சை

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் மனைவியுடன் நம் வீட்டுக்கு வந்திருந்தார். முகத்தில் பெருமிதம் பொங்கிற்று. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் படித்துக்கொண்டிருக்கும் அவருடைய குமாரி, வருகிற மார்ச்சு மாதம் அப்பலேச்சியன் மலைப் பாதை முழுவதையும் நடந்தே கடக்கப் போகிறாளாம். அதற்கு வேண்டிய ஐந்து ஜோடிப் பாதரட்சைகளையும், கடையில் விலை தள்ளிக் கொடுக்கும் இந்தச் சமயத்திலேயே வாங்கிவிட உத்தேசம் என்று எழுதியிருந்தாள்.

"பெண்ணுக்கு எவ்வளவு முன்யோசனை, பார்த்தீரா?" என்றார் நண்பர்.

"நடப்பதற்கு ஒரு ஜோடி போதாதா? ஐந்து எதற்கு?" என்று கேட்டார் அவருடைய மனைவி.

அந்த அம்மையாரின் கேள்விக்கு முதலில் விடை கூறுவோம். இந்தப் பாதை ஜார்ஜியா மாகாணத்தில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, பதினான்கு மாகாணங்களைக் கடந்து, மெயின் மாகாணத்துக் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. நீளம் சுமார் 2,190 மைல். 1930-ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்த தூரம் ஏறக்குறைய 240 மைல். அதைப்போல் ஒன்பது மடங்கு, அதுவும் மேடும் பள்ளமும் கல்லும் சேறுமாக! நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும்.

முன்காலத்து யாத்திரிகர்கள் கனமான தோல் பூட்ஸ் அணிந்தார்கள். அடி தேய்ந்தால் ஊரில் புது அடி வைத்துத் தைத்துக்கொண்டு மேலே நடந்தார்கள். இக்காலத்தவர் பெரும்பாலும் இலேசான ஓட்டப் பாதரட்சைகளையே விரும்புகிறார்கள். காலில் ஒரு ராத்தல் முதுகில் ஐந்து ராத்தலுக்குச் சமம் என்பது அவர்களிடையே வழங்கும் பேச்சு. ஆனால் இலேசான பொருளுக்கு ஆயுள் குறைவு. பஞ்சு போன்ற நடு அடி 300 முதல் 500 மைலுக்குள் நசுங்கிப் போகிறது. அதைத் தைத்துப் புதுப்பிக்கவும் முடியாது. ஆகவே நாலைந்து ஜோடி வேண்டும் என்று அந்தப் பெண் போட்ட கணக்கு சரிதான்.

பின் தவறு எங்கே? ஐந்தையும் இப்போதே வாங்குவதில்தான்!

நாள்தோறும் பதினைந்து, இருபது மைல் சுமையுடன் நடப்பவரின் பாதம் வீங்குகிறது, உள்வளைவு தாழ்ந்து பாதம் நீள்கிறது, அகலமும் கூடுகிறது. அரை அளவு, சிலருக்கு ஒரு முழு அளவுகூடப் பெரிதாகிவிடும். சிலருக்கு அந்த மாறுதல் பிறகும் நிலைத்து நின்றுவிடுகிறது. ஜார்ஜியாவில் புறப்பட்ட கால் வேறு, மெயினுக்குப் போய்ச் சேரும் கால் வேறு. புறப்பட்ட காலுக்கு வாங்கிய மூன்றாவது ஜோடியை வந்த காலில் திணித்தால், இறக்கங்களில் விரல் நுனி இடித்து நகம் கறுத்து விழும், கொப்புளம் கிளம்பும், கொப்புளம் சீழ் வைத்தால் வாரக் கணக்கில் படுத்திருக்க நேரும். கட்டாடின் சிகரத்தின் அடிவாரத்தில் அக்டோபர் மாதத்தில் தங்குமிடங்களை மூடிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அவ்வளவு நடையும் சிகரம் காணாமலே முடியக்கூடும்.

ஆகையால் நாம் நண்பரிடம் கூறிய யோசனை இது. பாதரட்சை மாற்றும் இடங்களை இப்போதே நிர்ணயம் செய்யலாம். அளவை நிர்ணயம் செய்யலாகாது. முதல் ஜோடி, புறப்படும்போதே அரை அளவு பெரிதாக இருக்கட்டும். அது சுமார் 470-ஆவது மைலில் உள்ள டமாஸ்கஸ் ஊர் வரை உழைக்கும். அங்கே காலை அளந்து பார்த்து இரண்டாவது ஜோடி. சுமார் 860-ஆவது மைலில் வேன்ஸ்பரோவில் மூன்றாவது. அதற்கப்பால் பென்சில்வேனியாவின் கூரிய கற்கள் பாதரட்சையைத் தின்றுவிடும். ஆகவே அவற்றைக் கடந்தபின், ஏறக்குறைய 1,300-ஆவது மைலில், டெலவேர் வாட்டர் காப் என்னும் ஊரில் நான்காவது. 1,750-ஆவது மைலையொட்டிய ஹானோவரில் ஐந்தாவது. வெள்ளை மலைகளின் செங்குத்துப் பாறைகள் அதற்குப் பிறகே வருகின்றன. அங்கே தேய்ந்த அடியுடன் ஏறுவது உயிருக்கே ஆபத்து.

ஒவ்வொரு ஜோடியையும் மாற்றும் இடத்துக்கு நூறு மைல் முன்பே தருவித்து, வழியிலுள்ள தபாலாபீசில் தன் பெயருக்கு வைத்திருக்கச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை தபாலாபீசு திறக்காது என்பதை மட்டும் மறக்கலாகாது. குறித்த இடம் வருமுன்பே முழங்காலிலோ கணுக்காலிலோ புதிய வலி கண்டாலும், மேசைமேல் வைத்த பாதரட்சை ஒரு பக்கம் சாய்ந்தாலும், மைல் கணக்கைப் பாராமல் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, பதினொரு குழந்தைகளைப் பெற்றவர், தமது 67-ஆவது வயதில், தோளில் ஒரு துணிப்பையும் காலில் சாதாரணக் கான்வாஸ் ஜோடுமாக இந்தப் பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். ஜோடு கிழிந்தபோது வேறு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

நண்பர் சற்று யோசித்தார். "விலை தள்ளிக் கிடைக்கிறதே!" என்றார் ஏக்கத்துடன்.

அம்மையார் சிரித்தார். "இவர் கலியாணத்துக்கு வாங்கிய பூட்ஸும் விலை தள்ளித்தான் கிடைத்தது. முப்பது வருஷமாய்ப் பரணில் புத்தம் புதிதாக இருக்கிறது. காலில்தான் ஏறவில்லை!"

அன்று மாலையே பெண்ணுக்குக் கடிதம் போயிற்று: "இப்போதைக்கு ஒரு ஜோடி போதும். பாக்கிப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்."