அச்சுச் சட்டையும் வாளி ஜலமும்

சென்ற வாரம் நமது நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்துக் கொண்டு வந்து சேர்ந்தார். கையில் ஒரு வேஷ்டி. வெள்ளை வேஷ்டியாகப் பிறந்து, ஒரே இரவில் இளஞ் சிவப்பாக மாறிய வேஷ்டி. பெடனையில் அச்சிட்ட புதிய கலம்காரிச் சட்டையை அதனுடன் சேர்த்து வாளியில் ஊறவைத்து விட்டாராம். "சுதேசிச் சாயத்தின் லட்சணத்தைப் பாருங்கள்! இனிமேல் மில் சட்டைதான்" என்று தீர்ப்பும் கூறி விட்டார்.

வேஷ்டிக்காக நாம் வருந்தினோம். தீர்ப்புக்காக அதைவிட அதிகமாக வருந்தினோம். ஒரு சட்டை வெளுத்தால் வாங்கியவருக்கு நஷ்டம் ஒரு சட்டைதான். ஆனால் அவர் பத்துப் பேரிடம் சொல்லுகிறார். அந்தப் பத்துப் பேரும் வாங்காத துணி, மசூலிப்பட்டணத்துப் பக்கத்தில் மரக்கட்டையை அழுத்தி அச்சிடுகிறவர் வீட்டு அடுப்பைப் போய்த் தொடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துணி ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றதே வெளுத்தாலும் சாயம் போகாது என்பதற்காகத்தான். நமது கடற்கரையிலிருந்து சென்ற சீட்டித் துணியைக் கண்டு ஐரோப்பிய மாதர்கள் மயங்கினார்கள். அவர்கள் நாட்டு நெசவாளிகளோ கலங்கினார்கள். 1686-ல் பிரான்ஸ் தேசம் இதற்குத் தடை விதித்தது. இங்கிலாந்துப் பார்லிமெண்ட் 1700-ல் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் செய்தது. அதுவும் போதாமல், 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. துணியின் சாயம் தானாகவே போய்விடுமானால் இத்தனை சட்டம் எதற்கு?

சாயம் நிற்பதன் ரகசியம் படிகாரத்தில் இருக்கிறது. துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துகிறார்கள். பிறகு, சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரத்தை அச்சிடுகிறார்கள். கறுப்பு வர வேண்டிய இடத்தில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்து எடுத்த கஷாயத்தை அச்சிடுகிறார்கள். இரும்பு கடுக்காயைத் தொட்டதும் கறுத்து விடுகிறது. படிகாரமோ நூலைப் பற்றிக் கொண்டு காத்திருக்கும். சாயக் கொப்பரையில் கொதிக்கும்போது சிவப்பு வந்து அதனுடன் பிணைந்து கொள்ளும். முற்காலத்தில் இந்தச் சிவப்பைக் கொடுத்தது இம்பூறல் என்னும் நமது சாயவேர். 1868-ல் ஜெர்மானிய ரசாயன நிபுணர்கள் அலிஸரின் என்னும் செயற்கைச் சிவப்பைச் செய்து காட்டிய பிறகு வேருக்கு மவுசு குறைந்தது.

பிணைந்த சாயம் எளிதில் போகாது. பிணையாமல் மேலே தங்கிய மிச்சந்தான் முதல் இரண்டு மூன்று சலவையில் வெளியேறுகிறது. நண்பர் கண்டது அந்த மிச்சத்தையே. ஆகையால் புதுச் சட்டையைத் தனியாக, குளிர்ந்த ஜலத்தில், ஊற வைக்காமல் அலசி எடுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் வெள்ளைத் துணியொன்றை நனைத்து, சட்டையின் உள்மடிப்பில் அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் இன்னும் சில நாள் தனிக் குளியல்தான். ஆனால் ஒன்று: கலம்காரி என்று கடையில் விற்பதெல்லாம் கலம்காரி அல்ல. அதே சித்திரத்தைத் திரை அச்சில் போட்டு மலிவாக விற்கிறார்கள். அதன் பழியும் பெடனைக்காரர் தலையில்தான் விழுகிறது.

வாளியில் ஒரு பிடி உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சிலவகைச் சாயங்களை அது நூலுக்குள் ஏற்றும். நம் வீட்டு வாளியிலோ, அந்த ஜலத்தில் இருக்கும் வரையில் கரைவது சற்றுக் குறையலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சலவைச் சோடாவும் வெளுப்புத் தூளும் கூடவே கூடா. சாம்பார்க் கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கும் பழக்கத்தையும் இந்தச் சட்டையிடம் காட்ட வேண்டாம். இரும்பால் உண்டான கறுப்பைப் புளிப்பு கரைத்து விடும். மஞ்சட் கறை சோப்புப் பட்டதும் சிவந்தால் பயப்பட வேண்டியதில்லை. நன்றாக அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். அந்த இடத்தில் மட்டும் சற்று வெயில் பட்டால் மங்கி மறையும்.

பூந்திக்கொட்டை ஊறிய ஜலம் உத்தமம். மென்மையான சோப்பும் போதும். சட்டையை உட்புறம் வெளியே திருப்பித் துவைக்க வேண்டும். கல்லில் அறைவது, முறுக்கிப் பிழிவது இரண்டும் வேண்டாம். சலவை இயந்திரத்தில் போடுகிறவர்களும் குளிர்ந்த ஜலத்தில், மெதுவாகச் சுழலும்படி வைப்பது நலம். நிழலில் உலர்த்தி, சிறிது ஈரம் இருக்கும்போதே உட்புறத்தில் இஸ்திரி போடலாம். வியர்வைச் சட்டையை மூட்டையில் திணித்து ஞாயிற்றுக்கிழமை வரையில் காத்திருக்க வைப்பதுதான் கழுத்துப் பட்டையும் அக்குளும் முதலில் வெளுப்பதற்குக் காரணம். அன்று மாலையே வெறும் ஜலத்தில் ஒரு முறை அலசிப் போட அரை நாழிகைகூட ஆகாது. அதையும் வீட்டு அம்மாள்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. சட்டைக்கு உடையவரே செய்யலாம்.

நண்பரின் வேஷ்டி? உலர்வதற்கு முன்பே, ஈரமாய் இருக்கும்போதே திரும்பவும் சோப்பிட்டு அலசியிருந்தால் பெரும்பாலும் போயிருக்கும். அவர் இஸ்திரியும் போட்டுக் கொண்டு வந்து விட்டார். வெள்ளை வேஷ்டி ஆகையால் வெளுப்புத் தூள் அதற்கு ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். சட்டையை அதன் பக்கத்தில்கூட வைக்க வேண்டாமென்றும் சொன்னோம்.