தளிர்க்காத குருத்து

குருத்து என்னும் சொல் தளிரைக் குறிப்பது. வாழைக் குருத்தை வெட்டினால் அது மீண்டும் மேலெழக் காண்கிறோம். ஆனால், மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்போ ஒருமுறை சிதைந்தால் தானாகத் தளிர்ப்பதில்லை. வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையை எழுதி வைத்தார். குருதிக் குழாய்கள் அதனுள் இல்லாமையே இதற்குத் தலையாய காரணமாகும்.

குருத்தெலும்பில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு நீரே. எனவே, நீரைத் தேக்கியும் வடிவம் குலையாத ஹைட்ரோஜெல்லை அறிஞர் நாடியது இயல்பே. செக்கோஸ்லோவாக்கியாவின் விக்டர்லேயும் லிம்மும் 1960இல் இதனை உலகிற்கு அறிவித்தனர்; மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அதன் வழி வந்ததே.

கால் பெருவிரல் மூட்டுத் தேய்வுக்கெனப் பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன 'கார்டிவா' என்னும் பதியத்திற்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2016இல் இசைவளித்தது. எலும்புகளை இணைத்து மூட்டை அசைவற்றதாக்கும் பழைய முறைக்கு மாற்றாக, அசைவைக் காக்கும் என்பதே அதன் சிறப்பு. ஆயினும் பெயர்தல், சிதைதல், மறு அறுவை ஆகியன எதிர்பார்த்ததினும் மிகுந்தமையால், 2024 அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது.

இசைவுக்கு அடிப்படையான ஆய்வு நோயாளிகளை மதிப்பிட்டது ஈராண்டு அளவிலே. வாழ்நாள் முழுதும் எடை தாங்க வேண்டிய மூட்டுக்கு ஈராண்டுச் சான்று போதுமா? துன்புறுவோரைக் காத்திருக்கச் செய்தல் இரக்கமன்று என்பார் உளர். அவர்தம் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆனால், பதியம் வைக்க எலும்பு குடையப்படுவதால், அது தோற்றபின் செய்யும் அறுவை முன்னையதினும் கடினமாகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆராய்ச்சியோ நின்றுவிடவில்லை. இயற்கைக் குருத்தெலும்பை விஞ்சும் வலிமையுடைய ஹைட்ரோஜெல்லை டியூக் பல்கலைக்கழகத்தார் 2022இல் அறிவித்தனர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் ஆட்டின் மூட்டில் குருத்தெலும்பை மீண்டும் வளரத் தூண்டிய செய்தியை 2024இல் வெளியிட்டனர். இவை நம்பிக்கை தருவன. எனினும் ஆய்வுக்கூடத்து வலிமை வேறு, மனிதன் நடந்து காட்டும் வலிமை வேறு.

புதுமையை மறுக்குமாறு நாம் கூறவில்லை. பதியம் பெற்றோரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்து, வெற்றியோடு தோல்வியையும் வெளியிடுக என்கிறோம். நோயாளி கையொப்பமிடும் இசைவுப் படிவம் அவருக்கு விளங்கும் மொழியில் அமைதல் வேண்டும். எத்தனை ஆண்டுச் சான்று உளது, தோற்றால் அடுத்து என்ன என்னும் இரண்டும் அதில் தெளிவாக இடம்பெறுதல் வேண்டும். அத்தகைய படிவத்தை எளிய தமிழில் ஆக்கித் தருதல் தமிழ் பயிலும் மாணவர்க்கும் உரிய பணியே.