பல் கிளினிக் தொடங்கும்போது முதலில் வாங்க வேண்டியது எது? வாணியம்பாடி சம்பவம் சொல்லும் கணக்கு!

புதுசா ஒரு பல் கிளினிக் திறந்தால் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அந்தச் சாய்வு நாற்காலிதான். அதற்கு மேலே எல்.இ.டி. விளக்கு, பக்கத்தில் டி.வி. திரை, வரவேற்பறையில் ஏ.சி. பி.டி.எஸ். முடித்துவிட்டு கடன் வாங்கி கிளினிக் தொடங்கும் இளம் மருத்துவர்களின் பட்ஜெட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடுகிறது.

ஆனால் நாற்காலியில் உட்காருபவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள், அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன. கருவிகளைக் கழுவும் தொட்டி, ஆட்டோகிளேவ், தண்ணீர் வரும் மெல்லிய குழாய், சலைன் பாட்டில். இவற்றில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

வாணியம்பாடியில் என்ன நடந்தது?

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை வட தமிழ்நாட்டில் 21 பேருக்கு நியூரோ மெலியாய்டோசிஸ் என்ற தொற்று கண்டறியப்பட்டது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குவதால் வரும் நோய் இது.

இந்த 21 பேரில் 10 பேருக்கு ஒரு பொதுவான தொடர்பு இருந்தது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் உள்ள ஒரே பல் கிளினிக்கில் அவர்கள் சிகிச்சை எடுத்திருந்தார்கள். அந்த 10 பேரில் 8 பேர் உயிரிழந்தனர்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவற்றின் நிபுணர்கள் இதை ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசியப் பதிப்பில் வெளியானது.

கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த ஒரு சலைன் பாட்டிலில் இதே பாக்டீரியா இருந்தது. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் பெரியோஸ்டியல் எலிவேட்டர் என்ற கருவியால் பாட்டிலைத் திறந்து, மீதியை மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியதுதான் தொற்று பரவிய வழி என்று ஆய்வு சுட்டிக்காட்டியது.

விலை உயர்ந்த மெஷின் எதுவும் இங்கே பழுதாகவில்லை. மொத்த கிளினிக்கிலேயே விலை குறைவான பொருட்களில் ஒன்றான சலைன் பாட்டில்தான் பிரச்சினையின் மையம்.

தமிழ்நாட்டில் மட்டும்தானா?

இல்லை. 2011-ல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா பாக்டீரியாவால் வரும் நிமோனியாவில் உயிரிழந்தார். அவர் பல் சிகிச்சை பெற்ற கிளினிக்கின் தண்ணீர்க் குழாயில் அதே பாக்டீரியா இருந்தது தெரியவந்தது.

2016-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் அனஹைமில், ஒரு குழந்தைகள் பல் கிளினிக்கில் பால் பல்லுக்கு வேர் சிகிச்சை பெற்ற சுமார் 70 குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டது. மைகோபாக்டீரியம் வகைக் கிருமி அது. அங்கேயும் காரணம் தண்ணீர்தான்.

மூன்று நாடுகள், மூன்று கிருமிகள். ஆனால் மூன்றிலும் நோயாளியின் வாய்க்குள் கிருமியைக் கொண்டுபோனது ஒரு திரவம்.

தண்ணீரில் என்ன சிக்கல்?

பல்லைக் குடையும் கருவியை மருத்துவர்கள் ஹேண்ட்பீஸ் அல்லது ஏரோட்டார் என்பார்கள். அது நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுழலும். அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இந்தத் தண்ணீர், நாற்காலிக்குள் ஓடும் மிக மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக வருகிறது.

குழாய் மெல்லிசு. தண்ணீர் ஓடுவது கொஞ்ச நேரம், தேங்கி நிற்பது அதிக நேரம். ராத்திரி முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உள்ளேயே நிற்கும். அப்போது குழாயின் உள்சுவரில் வழவழப்பான கிருமிப் படலம் உருவாகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினாலும் இந்தப் படலம் போகாது. வாசலில் சுத்தமாக நுழையும் தண்ணீர், வாய்க்கு வரும்போது அசுத்தமாகியிருக்கும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2003-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சாதாரண பல் சிகிச்சைக்கான தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500-க்கு மேல் பாக்டீரியா இருக்கக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடிகள் தண்ணீரை ஓடவிட வேண்டும். எலும்பைத் தொடும் அறுவை சிகிச்சை என்றால் இந்தக் குழாய்த் தண்ணீரே கூடாது. கிருமி நீக்கிய தண்ணீரோ சலைனோதான் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே நாற்காலி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, சீட்டின் நிறம் பற்றியது அல்ல. தண்ணீருக்குத் தனி பாட்டில் வசதி இருக்கிறதா? குழாயைக் கிருமிநாசினி விட்டுக் கழுவ முடியுமா? தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா? பழைய நாற்காலியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும், கிளினிக்கைப் புதுப்பிப்பவர்களும் உள்குழாய்களை மாற்றிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த நாற்காலிக்குள் என்ன வளர்ந்திருக்கும் என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது.

ஹேண்ட்பீஸ் எத்தனை வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு

இதுதான் பலரும் போடாத கணக்கு.

ஹேண்ட்பீஸ் சுழற்சி நிற்கும் நொடியில், எச்சிலும் ரத்தமும் அதன் உள்ளே இழுக்கப்பட வாய்ப்பு உண்டு. வெளியே ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது உள்ளே போன அழுக்கைத் தொடாது. அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஹேண்ட்பீஸை ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

ஒரு நாற்காலி உள்ள கிளினிக் மாலை 5 மணி முதல் 9 மணி வரை இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்றால் 8 நோயாளிகள். எல்லோருக்கும் ஹேண்ட்பீஸ் தேவைப்படுகிறது. ஒரு ஹேண்ட்பீஸைக் கழுவி, எண்ணெய் விட்டு, பவுச்சில் போட்டு, ஆட்டோகிளேவில் வைத்து, உலர்ந்து ஆறி வர மொத்தம் 75 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

5 மணி நோயாளிக்குப் பயன்படுத்திய ஹேண்ட்பீஸ் 5.30-க்கு உள்ளே போனால் 6.45-க்குத்தான் திரும்ப வரும். அதற்குள் 5.30, 6.00, 6.30 மணிக்கு மூன்று பேர் வந்துவிடுவார்கள். ஆக, 4 ஹேண்ட்பீஸ் வேண்டும். ஆனால் ஓடும் ஆட்டோகிளேவை நடுவில் திறக்க முடியாது. 6 மணிக்கும் 6.30-க்கும் பயன்பாடு முடிந்தவை 6.45 வரை காத்திருந்து, 8 மணிக்குத்தான் தயாராகும். 7 மணிக்கு வருபவருக்கு முதல் ஹேண்ட்பீஸ் இருக்கிறது. 7.30-க்கு வருபவருக்கு ஐந்தாவது ஒன்று தேவை. ரிப்பேருக்கு ஒன்று போனால் சமாளிக்க ஆறாவது.

இப்போ அந்த கிளினிக் தொடக்கத்தில் இரண்டே ஹேண்ட்பீஸ் வாங்கியிருந்தால்? 6 மணிக்கு வரும் மூன்றாவது நோயாளிக்கே, துடைத்து வைத்த ஹேண்ட்பீஸ்தான். மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேறு வழியில்லை. தவறு 6 மணிக்கு நடக்கவில்லை. சாமான் லிஸ்ட் போட்ட அன்றைக்கே நடந்துவிட்டது.

சலைன் பாட்டிலுக்கும் இதே கணக்குதான். ஒரு பல் பிடுங்கக் கொஞ்சம் சலைன் போதும் என்ற நிலையில் பெரிய பாட்டிலாக வாங்கி வைத்தால், மீதியைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. 100 மில்லி சிறிய பாட்டில்களாக வாங்கினால், 'ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில், மீதி இருந்தால் தூக்கிப்போடு' என்ற விதியைப் பின்பற்றுவது எளிது.

எந்த ஆட்டோகிளேவ்?

ஆட்டோகிளேவ் என்பது அழுத்தத்தில் உள்ள நீராவியால் கிருமிகளை அழிக்கும் கருவி. 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் நீராவி படவேண்டும் என்பது பொதுவான அளவு. சூடேறவும் உலரவும் ஆகும் நேரம் தனி.

ஐரோப்பியத் தரநிலைப்படி சிறிய ஆட்டோகிளேவ்களில் 'என்', 'எஸ்', 'பி' என மூன்று வகை உண்டு. 'என்' வகை, பவுச்சில் போடாத, உள்ளே துளை இல்லாத கருவிகளுக்கு மட்டும். 'எஸ்' வகை, அதைத் தயாரித்த நிறுவனம் குறிப்பிடும் கருவிகளுக்கு. 'பி' வகை, உள்ளே இருக்கும் காற்றைப் பலமுறை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு நீராவியைச் செலுத்தும். அதனால் ஹேண்ட்பீஸ் போல உள்ளே குழாய் உள்ள கருவிகளுக்கும், பவுச்சில் போட்டவற்றுக்கும் ஏற்றது இதுதான். குக்கர் மாதிரியான எளிய ஆட்டோகிளேவில் காற்று முழுசாக வெளியேறாது. காற்று நிற்கும் இடத்தில் நீராவி போகாது.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பவுச்சின் மேல் உள்ள பட்டை நிறம் மாறுவது முதல் அடையாளம். ஆனால் அது மட்டும் போதாது. எளிதில் சாகாத பாக்டீரியா வித்துகள் கொண்ட பட்டையை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று வாரம் ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது சி.டி.சி.

பல கிளினிக்குகளில் நீல ஒளி வீசும் யு.வி. பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சுத்தம் செய்த கருவியை வைக்க அது உதவலாம். ஆட்டோகிளேவுக்கு அது மாற்று கிடையாது. கொதிக்கும் தண்ணீரில் போடுவதும் அப்படித்தான். வித்து நிலையில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதில் தப்பித்துவிடும்.

இடத்தை எப்படிப் பிரிப்பது?

கருவிகளுக்கு ஒருவழிப் பாதை வேண்டும். அழுக்குக் கருவி ஒரு பக்கம் நுழைந்து, கழுவி, உலர்த்தி, பவுச்சில் போட்டு, ஆட்டோகிளேவ் தாண்டி, மறுபக்கம் சுத்தமான அலமாரிக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்கக் கூடாது. கை கழுவும் தொட்டியும் கருவி கழுவும் தொட்டியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

கம்ப்ரசர் எண்ணெய் இல்லாத வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்கு நோயாளியின் வாய் வரை வரும். ஆட்டோகிளேவ் அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால், வீட்டு இன்வெர்ட்டரை நம்ப முடியாது. மின்தடை உள்ள ஊர்களில் ஜெனரேட்டர், அல்லது கூடுதல் கருவிச் செட் வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் உப்புப் படிந்து மெஷின் கெட்டுவிடும், டிஸ்டில்டு வாட்டர்தான் பயன்படுத்த வேண்டும். தரையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதற்கெல்லாம் லைன் இழுத்துவிட்டால் செலவு குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகள் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2018-ல் வெளியாகின. எக்ஸ்ரே கருவி வைக்க, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளம் மூலம் அனுமதி வாங்க வேண்டும்.

கழிவுகளுக்கு 2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் உள்ளன. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் பொருட்கள் சிவப்பு பையில், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிப் பொருட்கள் நீலப் பெட்டியில். 48 மணி நேரத்துக்கு மேல் சுத்திகரிக்காத கழிவைச் சேர்த்து வைக்கக் கூடாது.

ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்குவதும், 6 மணிக்கு வரும் நோயாளிக்கு சுத்தமான ஹேண்ட்பீஸ் கிடைப்பதும் வேறு வேறு விஷயம். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டால் போதாது. ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை ஹேண்ட்பீஸ், எத்தனை முறை ஆட்டோகிளேவ் ஓடியது என்ற மூன்று எண்களையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

நோயாளிகள் என்ன கவனிக்கலாம்?

* கருவிகள் மூடிய பவுச்சிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா?
* ஹேண்ட்பீஸும் பவுச்சிலிருந்து வருகிறதா, அல்லது முன்பே நாற்காலியில் மாட்டியிருக்கிறதா?
* பல் பிடுங்கும்போதும் ஈறு அறுவை சிகிச்சையிலும், சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்படுகிறதா?
* மருத்துவர் புது கையுறை போடுகிறாரா?

இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. சரியாகச் செய்யும் மருத்துவர் கேட்டால் காட்டுவார்.

அதேசமயம், பயந்துகொண்டு பல் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான். கவனிக்காமல் விட்ட சொத்தைப் பல்லின் சீழ், கழுத்து வரை பரவி உயிருக்கே சிக்கலாகலாம். சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், கடுமையான தலைவலி, பேச்சு குழறல், பார்வை மங்கல் போன்றவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே, சமீபத்தில் பல் சிகிச்சை எடுத்ததையும், எந்த நாளில் எடுத்தோம் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். வாணியம்பாடி தொடர்பு வெளியே வந்தது, நோயாளிகள் முன்பு எங்கே சிகிச்சை எடுத்தார்கள் என்று விசாரித்ததால்தான்.