நிழலை அளந்தால் போதுமா?



காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் என்றொரு கருவி இருப்பதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அது படகின் அடியிலிருந்து கேளா ஒலியைக் கீழே அனுப்பும். எதிரொலி திரும்பி வர 0.04 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். போய்வந்த தூரம் 60 மீட்டர். எனவே ஆழம் 30 மீட்டர். நீங்கள் வகுப்பில் போடும் கணக்குதான் இது. இதே கணக்கு மனித இதயத்துக்குள்ளும் பயன்படுகிறது.

என் அண்ணன் திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். மாரடைப்பு வந்து, இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஏழாவது மாதமே மறுபடியும் நெஞ்சுவலி. தமனிக்குள்ளேயே படம் எடுத்துப் பார்த்தபோதுதான், ஸ்டென்ட் ஓரிடத்தில் முழுமையாக விரியவில்லை என்பது தெரிந்தது. பலூனை அதிக அழுத்தத்தில் ஊதி அதைச் சரிசெய்தார்கள். வீடு திரும்பிய அண்ணன் கேட்டார்: "ஏம்பா, நாங்க ஒரு புஷ் போடறதுன்னாகூட வெர்னியர் வச்சு உள்விட்டம் பார்ப்போம். இங்கே அளவு பார்க்க மாட்டாங்களா?"

பார்த்தார்கள். ஆனால் பார்த்தது நிழலின் அளவை. ஆஞ்சியோகிராம் என்பது, தமனிக்குள் செலுத்திய மருந்தின் எக்ஸ் கதிர் நிழலே. ஒரு தட்டைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் அதன் நிழலைப் பாருங்கள். ஒரே தட்டு, இரண்டு வடிவம்! தமனியின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, அதில் சுண்ணாம்பு எத்தனை ஆழம் படிந்திருக்கிறது என்பதை இந்த நிழல் சரிவரச் சொல்லாது. 3 மில்லிமீட்டர் விரிய வேண்டிய ஸ்டென்ட் 2.5 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டால், குறைவது அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்கிடுங்கள்: சுமார் 30 சதவிகிதம் போய்விட்டது! அந்த இடத்தில் மீண்டும் அடைப்போ இரத்தக் கட்டியோ ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு வழி என்ன? சுமார் 1 மில்லிமீட்டர் பருமனுள்ள குழலின் நுனியில் கேளா ஒலிக் கருவியைப் பொருத்தித் தமனிக்குள் அனுப்புகிறார்கள். படகில் உள்ளது வினாடிக்கு 50,000 அல்லது 2,00,000 முறை அதிரும் என்றால், இது 2 கோடி முதல் 6 கோடி முறை வரை அதிர்கிறது. அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும். நுட்பமான விவரமும் தெரியும். இன்னொரு முறையில் ஒலிக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அறிஞர்கள் வெளியிட்ட இந்த முறை, 10 முதல் 20 மைக்ரான் வரையுள்ள நுட்பத்தைக் காட்டும். ஆனால் ஒளி இரத்தத்தை ஊடுருவாது. படம் எடுக்கும் சில வினாடிகளுக்கு இரத்தத்தை விலக்க வேண்டும்.

பயன் உண்டா? தென்கொரியாவில் சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. உட்படத்தின் துணையோடு ஸ்டென்ட் வைத்தவர்களில் 7.7 சதவிகிதத்தினருக்கும், ஆஞ்சியோகிராம் மட்டும் பார்த்து வைத்தவர்களில் 12.3 சதவிகிதத்தினருக்கும் இதயச் சாவு, அதே தமனியால் மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. சிக்கலான அடைப்புகளுக்கு உட்படம் தேவை என 2024-இல் ஐரோப்பிய இதயவியல் கழகமும் உறுதியாகப் பரிந்துரைத்தது.

எளிய அடைப்புக்கு அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணே போதும் என்பார்கள். செலவு கூடும் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் சிக்கலான அடைப்பில் செலவைக் காட்டி அளவை விட்டுவிடலாமா? 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்சவிலை விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அன்று 29,600 ரூபாய். அதேபோல் இந்தப் படக் குழலின் விலையும் குறைய வேண்டும். எண்ணூரில் சுமை தூக்குபவருக்கும், ராயபுரத்தில் வலை பின்னுபவருக்கும், சிக்கலான அடைப்பு என்றால் அரசு மருத்துவமனையில் கேட்காமலே இது கிடைக்க வேண்டும். இது என் கருத்து.

விலை குறைய இன்னொரு வழி, இக்கருவியை நாமே செய்வது. எதிரொலிக் கணக்கைப் போடத் தெரிந்த உங்களில் ஒருவர் ஏன் அதைச் செய்யக்கூடாது?