தொட்டியின் அடியில் கிடப்பது துடைப்பம் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இன்று ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சின்னசேலம் போயிருந்தேன். கூடத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. மேலே தங்கமீன்கள். அடியில், நீலக் கூழாங்கல் மேல், மீசை வைத்த ஒரு சின்ன மீன் தனியாகக் கிடந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அது என்னப்பா?" என்றேன்.

"டேங்க் கிளீனர் டீச்சர். அழுக்கையெல்லாம் அதுவே தின்னுடும். ஆனா சரியான சோம்பேறி, எந்நேரமும் படுத்தே கிடக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். விசேஷ வீட்டில் சண்டை எதற்கு என்று பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சண்டையை இங்கே போடுகிறேன்.

முதல் சண்டை "கிளீனர்" என்ற பெயரோடு. அந்த மீனின் பெயர் கோரிடோராஸ். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. மீசையால் மணலைத் துழாவிப் புழு பூச்சிகளைத் தின்னும். மற்ற மீன்களின் கழிவு அதற்கு உணவு இல்லை. அது கிளறுவதைப் பார்த்து நாம் பெருக்குவதாக நினைத்துக்கொள்கிறோம். மேலே போடும் உணவைத் தங்கமீன்கள் தீர்த்துவிடும். அடியில் இருப்பது பட்டினி கிடக்கும். தொட்டியில் ஒரு மீனைக் கூடுதலாக விட்டால் அழுக்கு கூடுமே தவிரக் குறையாது, அதற்கும் வயிறு இருக்கிறதே! தொட்டியின் கழிவெல்லாம் வந்து படிவதும் அடியில்தான். அங்கே வாயை வைத்து வாழ்கிற உயிருக்கு நாம் கொடுத்த உத்தியோகம் துப்புரவு. கீழே இருப்பவன் என்றாலே அந்த வேலை அவன் தலையில் என்கிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது சண்டை "சோம்பேறி" என்ற சொல்லோடு. இது எனக்கே உறுத்துகிற சொல்.

கல்வராயன் மலையில் வேலை பார்த்த காலத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். "சோம்பேறி, சோம்பேறி" என்று ஒரு வருஷம் முழுக்கத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டு காதிலும் சீழ். பாதிக்கு மேல் கேட்கவில்லை. அவன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துச் சாய்த்து எனக்குக் காட்டிக்கொண்டேதான் இருந்தான். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படித்துப் பட்டயம் வாங்கிய எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால்: மன்னித்துவிடு கண்ணு.

வாயில்லாத உயிர் உடம்பால்தான் பேசும். அதைப் படிக்க, முதலில் எது இயல்பு என்று தெரிய வேண்டும். கோரிடோராஸ் பகலில் சற்று நேரம் அசையாமல் இருப்பது இயல்பு. எப்போதாவது விர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கி வருவதும் இயல்பு. குடலாலும் அது சுவாசிக்கும். நம் ஊர் அயிரையும் அப்படித்தான்.

ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஓடினால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை. படுத்திருக்கும்போதே செவுள் வேகமாக அடித்தால் மூச்சுக்குத் திணறுகிறது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, நிறம் வெளுப்பது, கண்ணாடியோரமாக மணிக்கணக்கில் மேலும் கீழும் ஓடுவது, உணவு போட்டாலும் வராமல் இருப்பது எல்லாமே முறையீடுதான். மீசை தேய்ந்து குட்டையாகியிருந்தால் அடித்தரை கூர்மையாகவோ அசுத்தமாகவோ இருக்கிறது என்று பொருள்.

மீனுக்கு வலி தெரியுமா என்று கேட்பீர்கள். 2003இல் லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் உடன் ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை உதட்டைக் கல்லில் தேய்த்தன, நெடுநேரம் சாப்பிடவில்லை. அதை வலி என்று சொல்லலாமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் நெருக்கடியில் மீனின் உடம்பில் கார்டிசால் சுரக்கிறது என்பதில் வாதமே இல்லை. நமக்கும் அதே கார்டிசால்தான். அது நாட்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து மீன் சாகும். நாம் "என்னமோ வியாதி" என்போம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றதும் மகன் ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தான். போகியன்று வீட்டைக் கழுவிய கையோடு தொட்டியையும் கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். மாட்டுப் பொங்கலன்று காலையில் இரண்டு கோரிடோராஸும் செத்துக் கிடந்தன. ஊரெல்லாம் மாட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது. நான் வேப்பமரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

மீனின் கழிவில் வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அந்தப் பஞ்சில் வாழும் பாக்டீரியாக்கள். "பாக்டீரியா என்றால் கெடுதல்" என்று போர்டில் எழுதிப்போட்ட அதே கையால் அவற்றைக் கொன்றேன். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொண்டது.

ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சுமார் ஒரு மாதம், சில சமயம் ஆறு வாரம் ஆகும். பால் காய்ச்சும் நாளுக்கு முந்தின நாள் தொட்டி வாங்கி மறுநாளே மீன் விடாதீர்கள்.

வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அடியில் பொடியான, உருண்டையான மணல் போடுங்கள். வீடு கட்டின மிச்சம் என்று எம்-சாண்ட் போடாதீர்கள். அது உடைத்த கல், முனை கூர்மை. விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், தெரியும்.

கோரிடோராஸ் கூட்டமாக வாழும் மீன். ஆறாவது வேண்டும். தனியாக விட்டால் பயத்திலேயே காலம் தள்ளும். ஒளிய ஒரு கொட்டாங்குச்சி, ஓர் உடைந்த மண்சட்டி போதும். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் உணவு போடுங்கள். தங்கமீனோடு சேர்க்காதீர்கள்.

நம் ஊர் சித்திரை வெயிலை நினைவில் வையுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதோடு கரண்ட்டும் போனால்? பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள்.

மீன் சுணங்கினால் உடனே கல்லுப்பும் மருந்தும் கொட்டாதீர்கள். மற்ற மீன்கள் தாங்கும் அளவை இவை பல நேரம் தாங்காது. முதல் வைத்தியம் நல்ல தண்ணீர்.

இனி, வரப்போகும் கேள்விகள்.

"டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கிறீங்களே?" வைக்கிறேன், நன்றாகவே வைக்கிறேன். சாப்பிடுகிறேன் என்பது, அழகுக்கு வாங்கி வருஷக்கணக்கில் மூச்சுத்திணற வைக்க உரிமைச் சீட்டு ஆகாது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் மனிதரைத் தவிர எல்லா உயிரையும் "விலங்கு" என்றுதான் சொல்கிறது. மீனும் அதில் அடக்கம்.

"கடைக்காரர்தானே அப்படிச் சொன்னார்?" சொல்லியிருப்பார். சென்னை கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் வண்ணமீனை நம்பிப் பிழைக்கின்றன. அந்தப் பிழைப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. சேலைக்குச் சாயம் போகுமா என்று பத்துக் கேள்வி கேட்கிற நாம், உயிரை வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கோபம் அதன் மேல்தான்.

"கிளீனர்" என்று விற்கும் இன்னொன்று சக்கர் மீன். வாங்கும்போது இரண்டு அங்குலம். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரையும் தாண்டும். உங்கள் தொட்டி அகலம் 30 சென்டிமீட்டர். அது எப்படித் திரும்பும்? இது மூன்றாம் வகுப்புக் கணக்கு.

பெரிதானதும் என் அண்ணன் மகன் சொன்னான்: "கோமுகி டேம்ல விட்டுடலாம் அத்தை, புண்ணியம்." புண்ணியம் இல்லை, பாவம். ஆந்திராவிலும், கொல்கத்தாவின் சதுப்பு நிலங்களிலும் இதே மீன் பெருகி, முள்ளால் வலையைக் கிழித்து, மீனவர் வயிற்றில் அடிக்கிறது. கரையில் வளை தோண்டும். வாங்கித் தின்பாரும் இல்லை. வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

மீன் வளர்க்காதே என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றால் வாங்காதே, வாங்கினால் கவனி. அவ்வளவுதான்.

சின்னசேலத்துப் பிள்ளை கோபித்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். நேற்றே அவனுக்குப் போன் செய்து சொன்னேன். நீலக்கல்லை எடுத்துவிட்டானாம். "வேற என்ன டீச்சர் செய்யணும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்று இரவு விளக்கை அணைக்கும் முன், உங்கள் தொட்டியின் அடியைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள். பிழையிருந்தால் வழக்கம்போலத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கள்ளக்குறிச்சி