எம்.டி.ஐ. என்றொரு வியாதி

போன மாதம் பாண்டிச்சேரி போகிற வழியில் மரக்காணத்தில் டீ குடிக்க இறங்கினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், அந்த ஊர்ப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் கண்ணில் படும். டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ்: 'முப்பதே நாளில் பிரிட்டிஷ், அமெரிக்கன் உச்சரிப்பு!' நான் அதைப் படிப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: "சார், எம்.டி.ஐ.ன்னா என்னா வியாதிங்க?"

உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பெண் இன்ஜினீயரிங் முடித்திருக்கிறாள். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி இன்டர்வியூவில் 'உனக்கு எம்.டி.ஐ. அதிகம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து பெண் இங்கிலீஷில் வாயைத் திறப்பதில்லை. சரிபண்ணித் தருவதாகச் சொல்லும் நோட்டீஸ்காரர்கள் கேட்கிற ஃபீஸ், இவருக்கு இரண்டு மாதக் கூலி. மழை வந்துவிட்டால் உப்பளத்தில் அந்தக் கூலியும் கிடையாது.

எம்.டி.ஐ. என்றால் மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். தாய்மொழியின் பாதிப்பு. அதாவது, நீங்கள் இங்கிலீஷ் பேசும்போது நீங்கள் தமிழர் என்று தெரிந்துவிடுகிறதாம். தெரிந்தால் என்ன?

சரி, எந்த இங்கிலீஷைப் பேச வேண்டும்? லண்டனில் 'ஷெட்யூல்', நியூயார்க்கில் 'ஸ்கெஜூல்'. அங்கே 'டொமாட்டோ', இங்கே 'டொமேடோ'. லண்டன்காரர் 'கார்' என்பதில் கடைசி 'ர்'ரை விழுங்கிவிட்டு 'கா' என்பார். அமெரிக்கர் நாக்கை மடித்து அழுத்திச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய இங்கிலீஷ்காரர்களில் பெரும்பாலோர் அந்த 'ர்'ரைச் சொல்லிக்கொண்டுதான் போனார்கள். லண்டன் அதை விட்டது பின்னால்தான். ஆக, இந்த விஷயத்தில் பழசைக் காப்பாற்றியவர் அமெரிக்கர். 'ர்'ரை விடாமல் 'கார்' என்று சொல்லும் நம்ம ஊர்ப் பெண் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆனாள்?

இந்த வியாதி வெள்ளைக்காரருக்கும் உண்டு. 1941ல் யார்க்‌ஷயர்காரரான வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் பி.பி.சி.யில் செய்தி வாசித்தபோது, ஊர் வாடை அடிக்கிறது என்று புகார் சொன்னவர்கள் இங்கிலீஷ்காரர்களேதான்.

நம் ஆள் ஒருவரும் இதில் மாட்டியிருக்கிறார். 1888ல் லண்டனுக்குப் படிக்கப் போன மோகன்தாஸ் காந்தி. ஜென்டில்மேன் ஆகிவிட வேண்டும் என்று கோட்டு, தொப்பி, டான்ஸ், வயலின் எல்லாவற்றோடும் பேச்சுப் பயிற்சிக்கும் வாத்தியார் வைத்துக்கொண்டார். 'பெல்ஸ் ஸ்டாண்டர்ட் எலோக்யூஷனிஸ்ட்' என்ற புத்தகம் வாங்கினார். அதை எழுதிய இருவரில் ஒருவர், டெலிபோன் புகழ் கிரஹாம் பெல்லின் அப்பா. சுமார் மூன்றே மாதம். போதுமடா சாமி என்று காந்தி விட்டுவிட்டார். 1930ல் தண்டிக் கடற்கரையில் உப்பு எடுத்தார். 1931 செப்டம்பரில் லண்டனில் உட்கார்ந்து ரேடியோவில் அமெரிக்காவுக்கே பேசினார், தன் சொந்த உச்சரிப்பில். அமெரிக்கா கேட்டுக்கொண்டது.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் பேசலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாது. புரியாமல் பேசுவது வேறு, தமிழராகப் பேசுவது வேறு. தமிழில் 'பேக்' என்று எழுதினால் மூட்டை கட்டுவதா, முதுகா, பையா? நம் எழுத்தில் மூன்றும் ஒன்று, இங்கிலீஷில் மூன்றும் வேறு. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையை அழுத்த வேண்டும், 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவது அசையை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இது பொது. நமக்கு இந்தப் பழக்கம் இல்லாததால் எல்லா அசையையும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போகிறோம். கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். செல்போன் அகராதியில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் ஓசியிலேயே சொல்லித் தருகிறது. பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் சுவர் நோட்டீஸுக்கு வேலையே இல்லை.

மூக்கால் பேசும் வித்தைக்குக் காசு கட்டுவது இப்போது இரட்டை நஷ்டம். இந்திய ஊழியர்களின் உச்சரிப்பைப் பேசும்போதே மாற்றித் தரும் மென்பொருளை டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற பெரிய கால்சென்டர் நிறுவனம் பயன்படுத்துவதாக 2025ல் செய்தி வந்தது. மிஷினே செய்கிற வேலையை மனுஷன் ஏன் பணம் கட்டிக் கற்க வேண்டும்?

இன்னொன்று. டி.வி.யில் 'தமில் வால்க' என்கிறவரை யாராவது இன்டர்வியூவில் திருப்பி அனுப்பியிருக்கிறோமா? 'ழ' வராவிட்டால் ஸ்டைல், இங்கிலீஷில் தமிழ் தெரிந்தால் வியாதி!

பெரியவரிடம் சொன்னேன்: "வியாதியெல்லாம் இல்லைங்க ஐயா. தயவுசெய்து பணம் கட்டாதீங்க." அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வேலை யார் சார் குடுப்பாங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பதில் உங்களில் சிலரிடம் இருக்கிறது. இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவரா நீங்கள்? அடுத்த தடவை அப்படி ஒரு பெண் வந்தால், கடல் தண்ணீர் எப்படி உப்பாகிறது என்று இங்கிலீஷில் விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். புரிந்தால் வேலையைக் கொடுங்கள் சார்!